காடு செலவழிக்கும் தண்ணீர்

உதகையை அடுத்த க்ளென்மார்கனில் அருகருகே இரண்டு சிறு பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 32 ஹெக்டேர். சரிவெங்கும் புல், மலை மடிப்புகளில் சோலை, அடியில் சதுப்பு, சதுப்பிலிருந்து கிளம்பும் ஓர் ஓடை. இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே மண், ஒரே பனி. 1968-இல் உதகையிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் இரண்டு ஓடைகளின் வாயிலும் அளவைத் தடுப்பு கட்டி, ஓடிவரும் தண்ணீரைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகள் எதையும் தொடவில்லை. இந்த ஓடை இவ்வளவு ஓடினால் அந்த ஓடை எவ்வளவு ஓடும் என்பது பிடிபட்ட பிறகு, 1972-இல் ஒரு பள்ளத்தாக்கை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். யூக்கலிப்டஸைத்தான் நீலகிரியில் கற்பூர மரம் என்பார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து மரம் வெட்டும் பருவம் வந்தபோது கணக்கைப் பார்த்தார்கள். மரம் நட்ட பள்ளத்தாக்கின் ஓடையில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு தழைத்து இன்னொரு பத்தாண்டு வளர்ந்தது. அந்தச் சுற்றில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. வேர்தான் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறதே, தளிர் விட்ட நாளிலிருந்தே அது முழு வேகத்தில் உறிஞ்சத் தொடங்கிவிட்டது. ஆண்டு முழுதுக்குமான நீர்வரத்தைவிட, கோடையில் ஓடையைக் காப்பாற்றும் கசிவு நீர்தான் கூடுதலாகச் சரிந்தது.

மரம் நட்டதால் ஓடை மெலிந்தது. மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்ற வாசகத்தைப் பேருந்துகளின் முதுகிலும் பள்ளிச் சுவர்களிலும் படித்து வளர்ந்த நமக்கு இதை ஏற்கச் சற்றுச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் இது நீலகிரிக்கு மட்டுமான விந்தை அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மலையில் 1910-இலேயே இப்படி இரட்டைப் பள்ளத்தாக்குகளை அளக்கும் வேலை தொடங்கிவிட்டது. உலகெங்கும் நடந்த 94 சோதனைகளை 1982-இல் பாஷ், ஹ்யூலெட் என்ற இரண்டு நீரியலாளர்கள் ஒருசேர வைத்துப் பார்த்தார்கள். மரத்தை வெட்டினால் ஓடையில் தண்ணீர் கூடுகிறது, நட்டால் குறைகிறது என்பதே பொதுவான போக்கு. பைன், யூக்கலிப்டஸ் போன்றவை ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் 10 சதவீதம் கூடினால், ஆண்டு நீர்வரத்து சராசரியாக 40 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்பது பத்தாயிரம் லிட்டர் என்று கணக்கிட்டால் இது எவ்வளவு தண்ணீர் என்பது விளங்கும்.

அப்படியானால் காடு வேண்டாமா? காட்டை அழித்த மலைகளில் ஊற்றுகள் வற்றிப்போனதைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் சொல்வதும் உண்மை, க்ளென்மார்கன் கணக்கும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளத் தடையாக இருப்பது, மரமும் காடும் ஒன்று என்று நாம் எண்ணுவதுதான். காடு தண்ணீரை உண்டாக்குவதில்லை, செலவு செய்கிறது. அந்தச் செலவை எந்த மாதத்தில் செய்கிறது, செலவு போக எதை எங்கே சேர்த்து வைக்கிறது, செலவழிந்தது யாருக்கு வரவாகிறது என்பதில்தான் காட்டின் அருமை இருக்கிறது.

சருகுக்குக் கீழே

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஒரு மாதம் ஆன பிறகு, தை மாதத்தில் ஒரு சோலைக்குள் நுழைந்து பாருங்கள். வெளியே புல்வெளியில் விடியற்காலை உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடக்கும். பத்தடி உள்ளே போனால் பனி இல்லை. நாவல் இனத்து மரங்கள், அங்கங்கே காட்டுப்பூவரசு, கீழே குறிஞ்சி இனச் செடிகள். மரங்கள் உயரமானவை அல்ல. காற்றுக்கு முதுகு வளைந்து, கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிடும் போர்த்தி நிற்கும். பாசியை விரலால் அழுத்தினால் தண்ணீர் சொட்டும். அது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை. மூடுபனி மலையைக் கடக்கும்போது இலையிலும் பாசியிலும் பட்டு, துளியாகத் திரண்டு கீழே இறங்குகிறது. மழைமானியில் இது பதிவாவதே இல்லை.

காலடியில் சருகு. மேல் அடுக்கை விலக்கினால் உலர்ந்த இலை. அதன் கீழே பாதி மட்கிய இலை, வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. அதற்கும் கீழே காப்பித்தூள் நிறத்தில் கறுப்பு மண். கையில் அள்ளினால் கனமே இருக்காது, பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியும். மழை விட்டு ஒரு மாதம் ஆகியும் இருக்கிற ஈரம் அது. நீரியலாளர்கள் காட்டைப் பற்றி எழுதும் பக்கங்கள் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கைப்பிடி மண்ணில்தான்.

மழைத்துளி ஒன்று பெரிதாக இருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் மண் கட்டி உடைகிறது, உடைந்த பொடி மண்ணின் கண்களை அடைக்கிறது. அதன்பின் விழும் நீர் உள்ளே இறங்க வழியின்றி மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மரத்தின் தலை இந்த அடியைத் தாங்கிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். அது முழு உண்மை இல்லை. உயர்ந்த மரத்தின் அகன்ற இலையில் துளிகள் ஒன்றுசேர்ந்து இன்னும் பெருந்துளியாகச் சொட்டும். எட்டுப் பத்து மீட்டர் விழுந்தால் இழந்த வேகத்தைத் திரும்பப் பெற்றுவிடும். அடிச்செடியும் சருகும் இல்லாத தேக்குத் தோட்டத்தில் மண் அரிப்பு கடுமையாக இருப்பது இதனால்தான். அடியைத் தாங்குவது சருகும், சருகோடு சேர்ந்த சிறு செடிகளும்தான். சருகைக் கூட்டி எடுத்தோ ஆண்டுதோறும் தீ வைத்தோ பாழாக்கிய காடு, தொலைவிலிருந்து பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். தண்ணீரைப் பொறுத்தவரை அது பாதி செத்த காடு.

சருகைக் கடந்த நீர், மண்புழு போட்ட துளைகளிலும் மட்கிப்போன வேர்களின் வெற்றுக் குழாய்களிலும் இறங்குகிறது. காட்டு மண்ணில் இப்படிப்பட்ட வழிகள் ஏராளம். அவை மரம் நட்ட மறுநாள் வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக வேர்விட்டு, செத்து, மட்கித்தான் உருவாகின்றன. சாதாரண மழையில் நல்ல காட்டுத் தரையில் தண்ணீர் வழிந்தோடுவதைப் பார்ப்பதே அரிது.

இனிச் செலவுக் கணக்கு. பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இலையிலும் கிளையிலும் தங்கி, தரையைத் தொடாமலேயே ஆவியாகிவிடுகிறது. தரைக்குள் போனதில் பெரும்பகுதியை வேர்கள் உறிஞ்சுகின்றன. அப்படி உறிஞ்சும் நீரில் மரம் தன் உடலாக மாற்றிக்கொள்வது மிகச் சொற்பம்; நூற்றில் 95 பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியாக ஆவியாகி வெளியேறுகிறது. கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கத் துளையைத் திறந்தால் நீராவி வெளியே போவதைத் தடுக்க முடியாது. உணவுக்கு மரம் கொடுக்கும் விலை அது.

எனவே எந்த நிலத்திலும் இரண்டு கைகள் வேலை செய்கின்றன. ஒரு கை மழையை மண்ணுக்குள் இறக்குகிறது. இன்னொரு கை மண்ணிலிருந்து வானுக்கு அனுப்புகிறது. இறக்குவது மிஞ்சினால் ஊற்று பிழைக்கும், ஏற்றுவது மிஞ்சினால் ஊற்று சாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உத்தர கன்னடப் பகுதியில் ஜகதீஷ் கிருஷ்ணசாமி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இயற்கைக் காடு, சீரழிந்த காடு, அகேசியாத் தோட்டம் மூன்றையும் ஒப்பிட்டு அளந்தது இந்த இழுபறியைத்தான். சீரழிந்த நிலத்தில் மழை மேலோடு வழிந்தோடுவது கூடுதல், நிலத்தடிக்குச் சேர்வது குறைவு. அங்கே நீராவியாகப் போவது குறைந்தாலும் ஊற்றுக்கு லாபம் இல்லை, ஏனென்றால் தண்ணீர் உள்ளேயே போகவில்லை. ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோவில் வறண்ட வயற்காடுகளில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. மரமே இல்லாத இடத்திலும் நிலத்தடி நீர் அதிகம் சேரவில்லை, மரம் நெருக்கமாக நின்ற இடத்திலும் அதிகம் சேரவில்லை. அளவாக இடைவெளிவிட்டு மரங்கள் நின்ற இடத்தில்தான் அதிகம் சேர்ந்தது. வானம் பார்த்த பூமியில் பனையும் வேலும் புங்கும் தள்ளித்தள்ளி நின்ற நம் பழைய புஞ்சைகளை நினைத்துக்கொண்டேதான் அந்த ஆய்வை நான் படித்தேன்.

க்ளென்மார்கன் இப்போது விளங்கும். அங்கே முன்பிருந்த நிலம் சீரழிந்த நிலம் அல்ல. நீலகிரியின் புல் சிக்கனமான குடும்பத் தலைவி. வேர் ஆழமில்லை, பனிக்காலத்தில் காய்ந்து பழுப்பாகி உறங்கிவிடும், அப்போது அதற்குத் தண்ணீர் வேண்டாம். அதன் அடியில் மண் ஏற்கெனவே மழையை நன்றாக வாங்கிக்கொண்டிருந்தது. ஆக, கற்பூர மரம் வந்ததால் இறக்கும் கைக்குப் புதிய பலம் எதுவும் கிடைக்கவில்லை. ஏற்றும் கைக்கு மட்டும் பலம் பல மடங்கு கூடியது. பன்னிரண்டு மாதமும் பச்சை இலையோடு, வேகமாக வளர்வதற்கென்றே தேர்ந்தெடுத்த மரம் அது. கோடையில் ஓடைக்கென்று மண் சேர்த்து வைத்திருந்ததை அது குடித்தது.

ஒரு மலையின் தண்ணீரை அளப்பவர்கள் ஆண்டுக்கு எத்தனை டிஎம்சி என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் படித்தவரையில், பார்த்தவரையில், காட்டின் வேலையைச் சொல்லும் அளவு அது அல்ல. மார்ச் மாதத்தில் ஓடை எப்படி ஓடுகிறது என்பதே கேள்வி. மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதத் தண்ணீராக நீட்டிக் கொடுப்பதுதான் சோலையும் புல்லும் சதுப்பும் சேர்ந்து செய்யும் வேலை. மொட்டை மலையிலிருந்து ஆண்டுக்கணக்கில் கூடுதல் தண்ணீர் வரலாம். அது ஆடியில் செந்நிற வெள்ளமாக வந்து, அணையில் வண்டலைக் கொட்டிவிட்டு, கடலுக்குப் போய்விடும். கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையின் கொள்ளளவை வண்டல் எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். அதே கோவைக்குத்தான் கேரளத்துக் காட்டுக்குள்ளிருந்து சிறுவாணித் தண்ணீரும் வருகிறது. அந்தத் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கோவைக்காரர்கள் பெருமை பேசாத நாள் இல்லை. அந்த ருசி, சிறுவாணிக்கு மேலே உள்ள காடு இன்னும் காடாக இருப்பதால் கிடைத்தது.

இதற்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சென்னையின் ஓராண்டு மழையில் பாதிக்கும் மேல், ஒரு பகல் ஓர் இரவில். எந்தக் காட்டு மண்ணும் அதைத் தாங்காது. மண் நிறைந்த பிறகு பெய்வதெல்லாம் வெள்ளம்தான். நடுத்தர மழையின் வெள்ளத்தைக் காடு தணிக்கும், ஊழி மழையை அல்ல. காடு எல்லாவற்றையும் காக்கும் என்று வாக்குறுதி கொடுத்தால், அடுத்த பெருவெள்ளத்தில் காட்டின் மீதான நம்பிக்கையையும் சேர்த்து இழப்போம்.

காற்றில் போகும் ஆறு

ஊற்றுக்குச் சேராமல் இலை வழியே போன தண்ணீர் வீணா? நெடுங்காலம் அப்படித்தான் கணக்கு எழுதினார்கள். நீரியல் நூல்கள் ஆவியாதலை இழப்பு என்ற தலைப்பின் கீழ்தான் வைத்தன. அந்தக் கணக்கைத் திருத்தியவர்களில் முதன்மையானவர் பிரேசில் நாட்டின் எனியாஸ் சலாட்டி.

1970-களில் அவர் அமேசான் படுகையில் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்கே ஆண்டீஸ் மலை வரை மழைநீரைச் சேகரித்து, அதிலிருந்த ஆக்சிஜனின் எடையை ஆராய்ந்தார். தண்ணீரில் சாதாரண ஆக்சிஜனும் உண்டு, சற்றுக் கனமான ஆக்சிஜனும் உண்டு. மேகம் மழையாகப் பெய்யும்போது கனமானது முந்திக்கொண்டு விழும். ஆகவே கடலிலிருந்து வந்த மேகம் உள்நாட்டுக்குள் போகப் போக அதன் மழையில் கனமான ஆக்சிஜன் வேகமாகக் குறைந்துகொண்டே போக வேண்டும். அமேசானில் அது எதிர்பார்த்த அளவு குறையவில்லை. பெய்த மழையைக் காடு உறிஞ்சி, அதே கலவையில் மீண்டும் வானுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். படுகையில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, காடு திருப்பிக் கொடுத்த நீர் என்பது சலாட்டி குழுவின் முடிவு. கடலில் எழுந்த ஈரம் ஒரு முறை பெய்து முடிந்துபோகாமல், காட்டின் கைமாற்றில் திரும்பத் திரும்பப் பெய்துகொண்டே கண்டத்தின் உள்ளே பயணம் செய்கிறது. ஆண்டீஸ் மலையில் மோதித் தெற்கே திரும்பும் இந்த ஈரக்காற்றைப் பிரேசில்காரர்கள் பறக்கும் ஆறுகள் என்கிறார்கள். தெற்கே உள்ள வயல்களுக்கும் நகரங்களுக்கும் மழை தருவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இன்னொரு செய்தியும் பின்னாளில் தெரியவந்தது. தெற்கு அமேசானில், கடற்காற்று ஈரம் கொண்டுவருவதற்கு முன்பே, வறண்ட காலத்தின் இறுதியில் துளிர்விடும் காடு தன் நீராவியாலேயே மழைக்காலத்தைத் தொடங்கிவைக்கிறது. அங்கேயும் காடு காலத்தைத்தான் மாற்றுகிறது.

உலக அளவில் பார்த்தால், நிலத்தின் மீது ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 1,10,000 கன கிலோமீட்டர். அதில் ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோவது சுமார் 40,000. மீதி 70,000 கன கிலோமீட்டர் நிலத்திலிருந்தே வானுக்குத் திரும்புகிறது. தரையில் ஓடும் எல்லா ஆறுகளையும்விடப் பெரிய ஆறு தலைக்கு மேலே ஓடுகிறது.

காடுதான் கடற்காற்றையே கண்டத்துக்குள் இழுக்கிறது என்று 2007-இல் ரஷ்ய இயற்பியலாளர்கள் மக்கரியேவாவும் கோர்ஷ்கோவும் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னார்கள். வளிமண்டல அறிஞர்களில் பலர் அதை ஏற்கவில்லை, வாதம் இன்றும் நடக்கிறது. அந்தக் கருத்து வென்றாலும் தோற்றாலும் சலாட்டி அளந்த உண்மைக்குக் குறைவில்லை என்பதால் அதை இங்கே நான் சாட்சிக்கு இழுக்கவில்லை.

நமக்கு நெருக்கமான கணக்கு ஒன்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மலையேறி வரும்போது தமிழகம் மழை மறைவில் கிடக்கிறது. ஆனாலும் ஆவணி, புரட்டாசி மாலைகளில் உள்மாவட்டங்களில் இடி இடித்து மழை பெய்கிறது. அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளைக் கொண்டு இதைத் தேடி 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். தென்மேற்குப் பருவத்தில் தமிழகம் பெறும் மழைக்கான ஈரத்தில் கணிசமான பங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வெளிவிட்ட நீராவி. பருவமழை பொய்த்த ஆண்டுகளில் அந்தப் பங்கு ஏறக்குறைய 40 சதவீதம். கடல் கைவிட்ட ஆண்டில்தான் காடு கூடுதலாகக் கொடுக்கிறது. ஜூன், ஜூலையில் கேரளத்து மலைச்சரிவில் வேர் உறிஞ்சியதை, நமக்குத் தேவைப்படும் நேரத்தில் காற்று கொண்டுவருகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தென்மேற்குப் பருவத்தில் பெய்வது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இடுக்கியிலும் வயநாட்டிலும் குடகிலும் வெட்டப்படும் காடு தர்மபுரி விவசாயிக்கும் தொடர்புள்ள செய்தி. முல்லைப்பெரியாற்றுக்கும் காவிரிக்கும் வழக்குமன்றம் போகும் மாநிலங்கள், வானில் ஓடும் இந்த ஆற்றைப் பற்றி இதுவரை பேசிக்கொண்டதே இல்லை.

நீராவி போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக வேண்டுமென்றால், ஆயிரம் வாட் ஹீட்டர் நாற்பது நிமிடம் எரியும் அளவு வெப்பம் வேண்டும். காட்டுக்குள் நுழைந்ததும் உடம்பு உணரும் குளிர்ச்சி நிழலால் மட்டும் வருவதில்லை.

எந்த மரம், எந்த நிலத்தில்

காடு மழைக்கு உதவும் என்ற நம்பிக்கை ஆங்கிலேய ஆட்சியாளர்களிடமும் இருந்தது. இயற்கை அறிஞர் ஹம்போல்ட் 1800-இல் வெனிசுவேலாவின் வாலென்சியா ஏரி சுருங்குவதைக் கண்டு, சுற்றியிருந்த காட்டை அழித்ததே காரணம் என்று எழுதியது ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹ்யூ கிளெக்ஹார்ன், காடழிப்பின் கேடுகளை விடாமல் எழுதியவர். ஆனால் அதே பத்தாண்டில்தான் நீலகிரியில் கற்பூர மரம் பெருமளவில் நடப்பட்டது. உதகை நகரத்துக்கு விறகு வேண்டும், சோலைகள் அடுப்புக்குப் போய்த் தீர்ந்துகொண்டிருந்தன, விரைவாக வளரும் மரம் ஒன்று கிடைத்தது. அன்றைய நிலையில் மிச்சமிருந்த சோலையைக் காப்பாற்றிய யோசனை என்றுகூட அதைச் சொல்லலாம்.

பிழை பெரிதானது விடுதலைக்குப் பிறகு. புல்வெளியை வருவாய் ஏடுகள் தரிசு என்றே எழுதின. தரிசு என்றால் எதையாவது நட வேண்டும். காகிதக் கூழுக்கும் செயற்கை இழைக்கும் கற்பூர மரம், தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை (வாட்டில்) மரம் என்று ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நட்டார்கள். 1932-இல் பைக்காரா மின்நிலையம் தொடங்கியதிலிருந்து குந்தா திட்டம் வரை நீலகிரியின் ஓடைகளை நம்பித்தான் மின்சாரம் எடுக்கிறோம். அதே அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலேயே புல்லை நீக்கி, தண்ணீர் குடிக்கும் மரங்களை வளர்த்தோம். பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதையும், மரத்தோட்டங்கள் பன்னிரண்டு மடங்காகப் பெருகியதையும் காட்டியது. காட்டுப் பரப்பு கூடியது என்று பெருமையோடு அறிவிக்கும் புள்ளிவிவரங்களில் இதுவும் பச்சையாகத்தான் சேர்ந்திருக்கும்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் கோயில் கூரையை வேய ஒரு குறிப்பிட்ட புல் வேண்டும். அது சதுப்பில் மட்டுமே வளரும். சதுப்புகள் காய்ந்தும், சீகை புகுந்தும், பள்ளத்தாக்குகள் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் தோட்டங்களாக மாறியும் போனதால் அந்தப் புல்லை இப்போது தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஒரு கூரைப் புல் அரிதாகிவிட்டது என்று யாரும் செய்தி போடுவதில்லை. ஓடை பிறக்கும் இடம் அரிதாகிவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

தென்னாப்பிரிக்கா இதே மரங்களால் இதே பாடத்தைப் பெற்ற நாடு. அங்கும் புல்வெளிகளில் சீகையும் யூக்கலிப்டஸும் பைனும் நட்டார்கள், அவை ஆற்றோரமெல்லாம் பரவின, ஆறுகள் மெலிந்தன. நெல்சன் மண்டேலாவின் அரசில் நீர்வளத் துறை அமைச்சராக இருந்த காதர் அஸ்மால் 1995-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்து, நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து அயல் மரங்களை அகற்றும் திட்டம் அது. 1998-இல் வந்த அந்நாட்டின் நீர்ச் சட்டம், வணிகத்துக்காக மரத்தோட்டம் போடுவதை ஆற்றின் நீரோட்டத்தைக் குறைக்கும் செயல் என்றே வரையறுத்தது. ஆற்றில் மோட்டார் வைத்து இறைப்பவரைப் போல மரத்தோட்டம் போடுபவரும் அனுமதி வாங்க வேண்டும். மரத்தின் தண்ணீர்ச் செலவைச் சட்டத்தின் ஏட்டில் ஏற்றியது அந்த நாட்டின் துணிவு. நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்பதே என் எண்ணம்.

தமிழகத்திலும் அயல் மரங்களை அகற்றும் பணி தொடங்கியிருக்கிறது. அவசரப்பட்டு இயந்திரங்களைக் கொண்டுபோய் மொட்டையடித்துவிட்டால் தீர்ந்துவிடும் வேலை அல்ல இது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீப்பட்டாலோ மண்ணைக் கிளறினாலோ கொத்துக் கொத்தாக முளைக்கும். ஒரு முறை வெட்டியவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வந்து நாற்றைப் பிடுங்க வேண்டும். பழனி மலையில் சில இடங்களில் முதிர்ந்த சீகையின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்ந்து வருகின்றன. அங்கே சீகையை வெட்டினால் கன்றுகள் உறைபனியில் கருகிவிடும். அங்கே பொறுத்திருப்பதே மருத்துவம். புல் இருந்த இடத்தில் புல், சோலை இருந்த மடிப்பில் சோலை என்று இடம் பார்த்துச் செய்ய வேண்டும். அதற்குப் பழைய நிலத்தை அறிந்த தோடர், படுகர், குறும்பர் போன்றோரின் நினைவு எந்த வரைபடத்துக்கும் குறைந்ததல்ல.

பவானி நீலகிரியின் ஓடைகளைத் தாங்கி இறங்குகிறது. 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையை நம்பிக் கீழ்பவானிப் பாசனத்தில் மட்டும் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. தெற்கே பொதிகையின் காடு தாமிரபரணியை வற்றாமல் காக்கிறது. இரு பருவமழையும் அந்த மலைக்குக் கிடைப்பது ஒரு காரணம் என்றால், கிடைத்ததைப் பிடித்து வைக்கக் காடு இருப்பது இன்னொரு காரணம்.

ஒவ்வொரு நாளும் அணைகளின் நீர்மட்டத்தை நாளேடுகளில் பார்க்கிறோம். அந்த அணைகளுக்கு மேலே, மலைமேல் பிறக்கும் ஓடைகளில் மார்ச்சிலும் ஏப்ரலிலும் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. க்ளென்மார்கனில் 1968-இல் செய்ததைப் போல, நீலகிரியிலும் பழனியிலும் மேகமலையிலும் பொதிகையிலும் ஓடைக்கு ஓர் அளவைத் தடுப்பு கட்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அல்ல. அரசு அதைச் செய்ய வேண்டும்; அளந்ததை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். அதுவரை, மரக்கன்றும் மண்வெட்டியுமாக மலைக்குப் புறப்படும் நண்பர்கள், நடுவதற்கு முன் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?